கும்பகோணத்தில் 24 ரூம் லாட்ஜ்: ஆன்லைன் தளங்களை விட்டு வெளியே வந்துவிடலாமா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. அப்பா நடத்திய 24 ரூம் லாட்ஜை நீங்கள் கையில் எடுத்து ஒரு வருடம் ஆகிறது. மாதம் சுமார் 400 ரூம் நைட் (ஒரு ரூம் ஓர் இரவுக்குப் போனால் ஒரு ரூம் நைட்) விற்கிறது, அதில் பாதி ரூம் புக்கிங் செய்யும் ஆன்லைன் தளங்கள் வழியாக வருகிறது. 20 சதவீதம் கமிஷன் போக கையில் நிற்பது குறைவாக இருக்கிறது, அதனால் அவற்றை விட்டு விலகிவிடலாமா என்பது ஒரு கேள்வி. மாதம் 35,000 ரூபாய் கொடுத்தால் ‘ஏஐ மார்க்கெட்டிங்’, ரீல்ஸ் எல்லாம் செய்து நேரடி புக்கிங் கொண்டுவருகிறோம் என்று ஓர் ஏஜென்சி சொல்கிறது, சேரலாமா என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. உங்கள் லாட்ஜ் எங்கே இருக்கிறது, எந்த ரூமில் காற்று நன்றாக வரும் என்பதுவரை தெரிந்த ஆள், ஏன் மறுபடியும் இன்னொருவர் கடை வழியாக உங்களிடம் வருகிறார்?

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது நைட் ஷிஃப்ட் ரிசப்ஷனிஸ்டாக. அப்புறம் சேல்ஸ், அப்புறம் சின்ன ஹோட்டல்களுக்கு டேரிஃப் பார்த்துக்கொடுப்பது என்று 20 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. கோயில் ஊர்கள், 50 ரூமுக்குள் உள்ள இடங்கள், இவைதான் என் அனுபவம். கடற்கரை ரிசார்ட்டுக்கோ ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கோ நான் சொல்வது பொருந்தாமல் போகலாம். வரி பற்றி எழுதுவதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலில் கணக்கு. 20 சதவீதம் என்று நீங்கள் எழுதியிருப்பது காகிதத்தில் உள்ள எண். உங்கள் டேரிஃப் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் ஆள் போன் செய்து, மொபைலில் புக் செய்பவருக்கு 10 சதவீதம், மெம்பருக்கு இன்னொரு 10 சதவீதம் தள்ளுபடி போடுங்கள் சார், மேலே காட்டும் என்கிறார். போடுகிறீர்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி 2,000 என்பது 1,620 ஆகிறது. அதில் 20 சதவீதம் 324 ரூபாய் கமிஷன், கமிஷன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 58 ரூபாய். உங்களுக்கு வருவது 1,238. வருமான வரிக்கு டிடிஎஸ் 0.1 சதவீதம், ஜிஎஸ்டிக்கு டிசிஎஸ் 0.5 சதவீதம் என்று தளம் முன்கூட்டியே பிடிக்கும் சில்லறை பின்னால் கணக்கில் திரும்பிவிடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் போர்டில் எழுதிய 2,000-க்கு 38 சதவீதம் கீழே நிற்கிறீர்கள். 20 என்று நினைத்து 38 கொடுக்கிறீர்கள், அதில் பாதியை நீங்களே ஒப்புக்கொண்டு கொடுத்தீர்கள். எனவே விலகுவதைப் பற்றி யோசிக்கும் முன் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம், எக்ஸ்ட்ராநெட்டை, அதாவது தளம் உங்களுக்கென்று கொடுத்திருக்கும் லாகின் பக்கத்தைத் திறந்து எந்தெந்தத் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது. எவனோ எப்போதோ சீசன் இல்லாத மாதத்தில் போட்டுவிட்டு மறந்தது, தைப்பூசத்தன்றும் ஓடிக்கொண்டிருக்கும். இதை நான் பார்க்காத லாட்ஜே இல்லை.

கமிஷன்மேல் உள்ள அந்த 58 ரூபாயை முன்பு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 12 சதவீத வரி இருந்த காலத்தில், நாம் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக் கழித்துக்கொண்டோம். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த ரூம்களுக்கு 5 சதவீதம் ஆகிவிட்டது, ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கெஸ்ட்டுக்கு இது நல்ல செய்தி. 1,620 ரூபாய் ரூமுக்கு 1,814 கட்டியவர் இப்போது 1,701 கட்டுகிறார். நமக்கு மட்டும் கமிஷன்மேல் உள்ள வரி, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தின்மேல் உள்ள வரி, விளம்பரத்தின்மேல் உள்ள வரி எல்லாம் சுத்தச் செலவாக வந்து உட்கார்ந்துவிட்டது. உங்கள் ஏஜென்சி கேட்கும் 35,000-மும் உண்மையில் 41,300. இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் இதற்கு வருகிறேன்.

சரி, இவ்வளவு போகிறதே, விலகிவிடலாமே என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். நாக்பூரிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ முதல்முறை நவக்கிரக தரிசனத்துக்கு வரும் குடும்பத்துக்கு உங்கள் லாட்ஜின் பெயரே தெரியாது. அவர்கள் கண்ணில் படவைக்க நீங்கள் தனியாகச் செலவு செய்தால் 324 ரூபாய்க்குள் ஒரு புக்கிங் வருமா என்பது சந்தேகம்தான். தளத்தில் பெயரைப் பார்த்துவிட்டு நேராக ஹோட்டலுக்கே போன் செய்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2009-இல் நான்கு ஹோட்டல்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பெரிய தளம் ஒன்றில் பெயர் தெரிந்த நாட்களில், அந்தத் தளத்துக்கு வெளியே வரும் புக்கிங் 7.5 முதல் 26 சதவீதம் வரை கூடியது என்று கண்டார்கள். விளம்பரப் பலகை விளைவு என்று இதற்குப் பெயர். அந்த எண்ணை அப்படியே கும்பகோணத்துக்குக் கொண்டுவர நான் தயாரில்லை. அது கையில் ஸ்மார்ட்போனும் மேப்பும் இந்த அளவுக்கு வராத காலம், வேறு நாடு. ஆனால் ‘ஆன்லைன்ல பார்த்தேன், நேரா பேசினா எவ்வளவு?’ என்று வரும் போன் உங்கள் ரிசப்ஷனிலும் தினம் வந்துகொண்டுதான் இருக்கும். அதை யார் எடுக்கிறார், என்ன பதில் சொல்கிறார் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ‘ஆன்லைன்லயே போட்டுக்கங்க சார், அதுதான் சீப்’ என்று நம் பையனே சொல்லி அனுப்புவதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆக, முதல்முறை வருபவருக்குக் கமிஷன் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, அது தரகு. அதே ஆள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரும்போதும் அதே தரகைக் கொடுப்பதில்தான் வருத்தம். சில வருடங்களுக்கு முன் ஒரு லாட்ஜில் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, பென்சிலோடு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு இரண்டு வருடத்தில் நான்கு முறை வந்திருந்தார், நான்கும் ஆன்லைன். ரிசப்ஷனில் இருந்த அண்ணனிடம் கேட்டேன். ‘அவரா, திருநாகேஸ்வரம் ராகுகால பூஜைக்கு வருவார் சார், அம்மாவுக்கு முட்டி வலி, அதனால கீழ் ரூம்தான் கேப்பார், காபியில சர்க்கரை போடக்கூடாது’ என்று மளமளவென்று சொல்கிறார். இவ்வளவும் தெரிந்திருக்கிறது, அடுத்த முறை எங்களுக்கே போன் பண்ணுங்கள் என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ‘சொல்லலாமா சார், ஆன்லைன்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?’ என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கோபித்துக்கொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தளத்தில் புக் செய்துவிட்டு இன்னும் வந்து சேராத கெஸ்ட்டுக்குப் போன் போட்டு, அதை கேன்சல் பண்ணிட்டு நேரா வாங்க என்பது தப்பு. ஒப்பந்தப்படியும் தப்பு, கண்டுபிடித்தால் உங்கள் பெயர் பட்டியலில் கீழே போய்விடும். தங்கி முடித்துக் கிளம்பும் கெஸ்ட்டிடம், அடுத்த முறைக்கு எங்கள் நம்பர் இது என்று சொல்வது வேறு. உலகத்தில் எல்லா லாட்ஜும் செய்வது அது. எந்தத் தளத்திலும் காட்டுவதைவிடக் குறைந்த விலையை நீங்கள் வெளியே காட்டக்கூடாது என்ற விலைச் சமநிலை நிபந்தனை பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடியும் அபராதம் விதித்தது. அந்த உத்தரவிலேயே, ஹோட்டல்களுடனான ஒப்பந்தங்களில் இந்தச் சமநிலை நிபந்தனையை மாற்றச் சொன்னது. ஐரோப்பாவில் இது இன்னும் ஒரு படி மேலே போய், 2024-இல் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ் புக்கிங்.காம் அந்த நிபந்தனையைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம், அதை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். ஒப்பந்தத்தை முழுசாகப் படித்ததாகச் சொல்லும் லாட்ஜ் முதலாளிகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

விலையைத் தொடாமலே நேரடி கெஸ்ட்டுக்குக் கொடுக்க நம்மிடம் ஒரு சாமான் இருக்கிறது, அது 24 மணி நேர செக்-அவுட். உழவன் எக்ஸ்பிரஸில் வந்து விடியும் முன் கும்பகோணத்தில் இறங்கும் குடும்பத்துக்கு, 12 மணிக்குத்தான் செக்-இன் என்கிறது தளம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் லாபி சோஃபாவில் சுருண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேரா புக் பண்ணினா எத்தனை மணிக்கு வருகிறீர்களோ அப்போதிலிருந்து 24 மணி நேரம் என்று சொல்லிப் பாருங்கள். விலையைக் கொஞ்சம் குறைப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும். கீழ்த் தளத்து ரூம் உறுதி, காலையில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், கிளம்பிய பிறகும் குளித்து உடை மாற்ற ஒரு ரூம், இவையும் அப்படியே. விலையும் குறைக்கத்தான் வேண்டும் என்றால் கணக்கு இடம் கொடுக்கிறது. தளத்தில் 1,620-க்குப் போகும் ரூமை 1,550-க்குக் கொடுத்தால் கெஸ்ட்டுக்கு 70 ரூபாய் மிச்சம், யூபிஐ-யில் வாங்கினால் உங்களுக்கு 312 ரூபாய் கூடுதல்.

வாட்ஸப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊரில் நேரடி புக்கிங் என்பது பெரும்பாலும் வாட்ஸப்தான். வாட்ஸப் பிசினஸ் ஆப் இலவசம். லாட்ஜுக்கென்று ஒரு தனி நம்பர், அந்த போன் ரிசப்ஷனை விட்டு நகரக்கூடாது. ஷிஃப்ட் முடிந்து பையன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவது கூடாது. ரூம் படங்கள், டேரிஃப், இடத்தின் மேப் மூன்றையும் தயார் பதிலாக வைத்துவிட்டால் யார் ட்யூட்டியில் இருந்தாலும் ஒரே பதில் போகும். கிளம்பும்போது கெஸ்ட் நம் நம்பரைத் தன் போனில் சேமித்தாரா என்பது பெரிய விஷயம். ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் நீங்கள் அனுப்புவது, உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச்சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். வருகைப் படிவத்தில் வாங்கிய நம்பரை விளம்பரத்துக்குப் பயன்படுத்த, 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கில் சம்மதம் வேண்டும். படிவத்தின் கீழே ஒரு வரி சேர்த்து டிக் போட இடம் விடுங்கள். வருடத்துக்கு நான்கு செய்திக்கு மேல் அனுப்ப வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். தினமும் ‘குட் மார்னிங்’ அனுப்பும் லாட்ஜை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து கூகுள் மேப். உங்கள் லாட்ஜின் பக்கத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் நான் போய்ப் பார்க்கும் பத்து லாட்ஜில் பாதிக்கு மேல் மேப்பில் இடம் காட்டும் குறி தப்பான இடத்தில் நிற்கும், பெரும்பாலும் பின் சந்தில். செக்-இன் நேரம் தப்பு, கார் நிறுத்த இடம் உண்டா என்பது காலி, முகப்புப் படம் யாரோ கெஸ்ட் எடுத்த குளியலறை. இதையெல்லாம் சரிசெய்ய ஏஜென்சி வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தில் உள்ள போன் நம்பருக்கு நீங்களே வெளி போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். நம்பரை மாற்றிப் போட்டும், ஹோட்டல் பெயரில் போலி இணையதளம் வைத்தும் முன்பணம் வாங்கி ஏமாற்றுவது புனிதத் தலங்களில்தான் அதிகம். 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் கீழ் உள்ள இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையமே யாத்ரிகர்களுக்கு இதுபற்றி எச்சரிக்கை விட்டது. ஏமாந்த கெஸ்ட் வந்து நிற்பது உங்கள் கவுன்டரில்தான். அவரிடம் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், முடிந்தால் அன்றைக்கு ஒரு ரூமும் கொடுங்கள்.

கூகுளில் ஹோட்டலைத் தேடினால் விலைப்பட்டியல் வருமே, அதில் விளம்பரக் காசு கொடுத்தவர்களுக்குக் கீழே இலவச புக்கிங் இணைப்புகளும் வரும். 2021 மார்ச்சிலிருந்து இருக்கிறது, இன்னும் பல சின்ன ஹோட்டல்காரர்களுக்குத் தெரியாது. உங்கள் சொந்த இணையதளத்தில் ஒரு புக்கிங் இன்ஜின், அதாவது அங்கேயே ரூம் போட்டுப் பணம் கட்ட வைக்கும் மென்பொருள் இருந்து, அதை விற்ற நிறுவனம் கூகுளோடு இணைப்பு வைத்திருந்தால், உங்கள் விலையும் அங்கே பெரிய தளங்களின் விலைக்குப் பக்கத்தில் நிற்கும். புக்கிங் இன்ஜின் விற்பவரிடம் இது உண்டா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். இணையதளமே நான்கு பக்கம் போதும், போனில் மூன்று விநாடியில் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரிவ்யூ விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே கார்னெலில் 2012-இல் வந்த இன்னோர் ஆய்வு, ஐந்துக்கு ஒரு புள்ளி கூடினால் 11.2 சதவீதம் விலையை ஏற்றினாலும் ரூம் நிரம்பும் அளவு (ஆக்குபன்ஸி) குறையவில்லை என்றது. எண் நமக்குப் பொருந்துமோ இல்லையோ, திசை பொருந்தும். 3.6-இலிருந்து 4.1-க்கு வந்த லாட்ஜ், டேரிஃப் ஏற்றினதை நானே செய்து பார்த்திருக்கிறேன். நாங்கள் என்ன செய்தோம் என்றால், கெட்ட ரிவ்யூக்களைப் பிரிண்ட் எடுத்து ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் கொடுத்தோம். பாதிக்கு மேல் இரண்டே விஷயம்: தலையணை வாடை, விடியற்காலையில் வெந்நீர் வராதது. கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் நாலரைக்கே குளிக்கிறார்கள், நாங்கள் கொதிகலனை ஐந்தரைக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்! நேரத்தை நான்கு மணிக்கு மாற்றினோம். அதைவிட நல்ல மார்க்கெட்டிங் வேலையை நான் அதற்குப் பிறகும் செய்ததில்லை. ரிவ்யூ எழுதினால் காபி இலவசம் என்றெல்லாம் போர்டு வைக்காதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது. சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் வேண்டாம். ‘நைஸ் ஸ்டே’ என்று ஒரே நாளில் வரிசையாகப் பதினைந்து பேர் எழுதியிருந்தால் படிக்கிறவருக்குத் தெரியாதா?

டேரிஃப் ஏற்றி இறக்குவதற்கு இப்போது மென்பொருள் வந்துவிட்டது, பெரிய ஊரில் உதவும். உங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு வாக்கிய பஞ்சாங்கமும் மேசையில் இருக்க வேண்டும். 2025 மார்ச் 29 சனிப்பெயர்ச்சி என்று டிவியெல்லாம் சொன்னது ஞாபகமிருக்கும். அது திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் கணக்கு. திருநள்ளாறு கோயில் வாக்கியப்படி போவது, எங்களுக்கு 2026-இல்தான் என்று அறிவித்துவிட்டார்கள். டிவியை நம்பி அந்த வாரம் முழுக்க மூன்று மடங்கு டேரிஃப் போட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. ஆலங்குடி குருப்பெயர்ச்சி, திருநாகேஸ்வரம் ராகு–கேது பெயர்ச்சி, முகூர்த்த நாட்கள், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வரும் குடும்பங்கள், இவையெல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் சீசன். 2024 பிப்ரவரியிலிருந்து அரசு போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து வார இறுதியில் நவக்கிரக சுற்றுலாப் பேருந்து விடுகிறது. வெள்ளி இரவு வந்து சனி அதிகாலை அதில் ஏறுகிறவருக்கு, எழுப்பிவிட ஆள் உண்டு, காபி உண்டு, பேருந்து நிலையம் இத்தனை நிமிடம் என்று எழுதி வைத்தால் அது ஒரு தனி வியாபாரம். ஆடியும் மார்கழியும் கல்யாணக் கூட்டம் இல்லாத மாதங்கள், தளங்களின் தள்ளுபடியை அப்போது தாராளமாக ஓடவிடுங்கள். பெயர்ச்சி நாட்களில் தளத்துக்கு நான்கு ரூமுக்கு மேல் திறக்காதீர்கள், பழைய கெஸ்ட்டுக்கு முதலில் செய்தி போகட்டும். 2028-இல் மகாமகம் வருகிறது. 2016 பிப்ரவரி 22 அன்று ஊர் எப்படி இருந்தது என்று அப்பாவைக் கேளுங்கள். அன்றைக்குத் தங்கியவர்களின் பதிவேடு இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஒரு தளத்தில் ரூம் விற்றால் மற்றத் தளங்களிலும் தானாகக் குறைக்கும் மென்பொருள்தான் சேனல் மேனேஜர். அது இல்லாமல் மூன்று தளத்தில் ரூம் வைத்திருந்தால் இந்த மாதமே அதை வாங்குங்கள், எவ்வளவு செலவானாலும். காரணம் என் சொந்தத் தப்பு. ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, கடைசி ரூமை ஒரு தளத்தில் மூட மறந்துவிட்டேன், பத்து நிமிட இடைவெளியில் இரண்டு இடத்தில் விற்றுவிட்டது. இரவு பதினொரு மணிக்கு எழுபது வயதுக்கு மேல் உள்ள ஒரு தம்பதி, கையில் பட்டுப்புடவைப் பையும் பிரிண்ட் எடுத்த வவுச்சரும். ஊர் முழுக்க ரூம் இல்லை. மேனேஜர் ரூமைக் காலி செய்து கொடுத்துவிட்டு நான் ரிசப்ஷன் நாற்காலியில் தூங்கினேன். அந்த அம்மா காலையில் திட்டவில்லை, ‘பேன் நல்லா ஓடுச்சுப்பா’ என்றார். திட்டியிருந்தால் தேவலை.

டிரைவர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. நவக்கிரக டூர் வேனும் டெம்போ டிராவலரும் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது பல நேரம் டிரைவர்தான். அவருக்கு ரூபாய் கொடுத்து ஆள் பிடிப்பதில் எனக்கு இஷ்டமில்லை, அது கமிஷனைவிட மோசமான கணக்காக முடியும். ஆனால் படுக்க ஒரு சுத்தமான டிரைவர் ரூம், மின்விசிறி, போன் சார்ஜ் போட இடம், வெந்நீர், காலையில் இரண்டு இட்லி, வண்டி கழுவ ஒரு குழாய், இதைச் செய்த லாட்ஜுக்கு வண்டி தானாகத் திரும்பும். மொட்டை மாடியில் கொசுவோடு படுக்கவிட்ட லாட்ஜ் எதுவென்று டிரைவர்கள் குரூப்பில் அன்றைக்கே ஓடிவிடும்.

இப்போது ஏஜென்சி. கணக்கை மட்டும் போடுவோம். வரியோடு மாதம் 41,300. தளத்திலிருந்து நேரடிக்கு மாறும் ஒவ்வொரு ரூம் நைட்டிலும் உங்களுக்கு மிச்சம் 312 ரூபாய். 41,300-ஐ 312-ஆல் வகுத்தால் 132 வருகிறது. உங்கள் ஆன்லைன் விற்பனையே மாதம் 200-தான். அதில் 132-ஐ அவர்கள் நேரடிக்கு மாற்றினால்தான் முதல் தேறும், லாபம் அதற்கு மேல். முற்றிலும் புதிதாக ஆள் கொண்டுவந்தால் கணக்கு வேறு. காலி ரூம் நிறைந்தால் 1,550-இல் பெரும்பகுதி உங்களுக்குத்தான், அப்போது 30 ரூம் நைட் கொண்டுவந்தாலும் கட்டணம் ஏறக்குறைய சரியாகிவிடும். எனவே அவர்களிடம் கேட்க வேண்டியது, எது புதிய ஆள், எது பழைய ஆள் என்று எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள் என்பது. ‘ரீச்’, ‘வியூஸ்’ என்று பதில் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ரீல்ஸ் வீணில்லை. தாராசுரத்துக் கல்சக்கரத்தையும் உங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும் கோபுரத்தையும் உங்கள் வீட்டுப் பிள்ளையே எடுக்கலாம். ஆனால் அதைப் பார்த்து எத்தனை பேர் ரூம் போட்டார்கள் என்று நம்பகமாகக் காட்டிய ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஏஐ பற்றியும் அதே நிலைதான். கும்பகோணத்தில் வயதானவர்களோடு தங்க லிஃப்ட் உள்ள லாட்ஜ் சொல்லு என்று அரட்டைச் செயலியிடம் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது, என் மகளே அப்படித்தான் கேட்கிறாள். அது இணையத்தில் கிடைக்கும் எழுத்தைப் படித்துத்தான் பதில் சொல்கிறது. உங்கள் இணையதளம், மேப் பக்கம், புக்கிங் தளங்கள், ரிவ்யூக்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு, கீழ்த் தள ரூம் நான்கு, மேற்கத்திய கழிப்பறை எல்லா ரூமிலும் என்று ஒரே மாதிரி எழுதியிருந்தால் உங்களுக்கு நல்லது. அதற்கு மேல், ஏஐ பதிலில் உங்களை முதலிடத்தில் கொண்டுவருகிறோம் என்று உத்தரவாதம் கொடுப்பவரை நம்ப எனக்கு இன்றைக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். போன ஒரு வருடப் பதிவேட்டை எடுத்து, ஆன்லைனில் வந்தவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்தவர்களைப் பென்சிலால் வட்டம் போடுங்கள், ரிசப்ஷன் அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. இரண்டு மதியம் ஆகும். எத்தனை வட்டம் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், அந்த எண்ணை வைத்துக்கொண்டு 41,300 பற்றிப் பேசலாம்.